ஆணுறை கிழிந்தால் எங்கே போவது? எங்கள் பக்கத்து நம்பிக்கை மையம் பற்றி

கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறேன். மலைக்கும் அடிவாரத்துக்கும் அலைகிற என் போன்ற பையன்களுக்கு உதவும் என்றுதான் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி.க்கு ஆலோசனை சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தைப் பற்றி இதை எழுதுகிறேன்.

ஆணுறை கிழிந்த மறுநாள் காலை முதலில் போனது ஒரு தனியார் லேப். ஏதோ பேக்கேஜ் என்று சொல்லி ரத்தம் எடுத்து, ‘நெகட்டிவ்’ என்று தாள் கொடுத்தார்கள். எப்போது என்ன நடந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மறுநாள் எடுக்கிற டெஸ்ட், ஏற்கெனவே தொற்று இருந்ததா என்றுதான் காட்டும். முந்தின இரவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நம்பிக்கை மையத்தில் கவுன்சிலர் மேடம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே, “எத்தனை மணிக்கு நடந்தது தம்பி?” என்பதுதான். தொற்றைத் தடுக்கும் பெப் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றார். அப்புறம் எந்த வழியில் உறவு, புண் ஏதும் இருந்ததா, அந்தப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. உண்டா என்று நிதானமாகக் கேட்டார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. தொற்று உள்ளவரே ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் உடலுறவில் பரவாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாத்திரை எடுக்காத தொற்றுள்ளவரோடு என்றால், யோனி வழி உறவில் ஒரு தடவைக்கு ஆபத்து 1000-ல் 1-க்கும் குறைவு. ஆசனவாய் வழியில் வாங்கிக்கொள்பவருக்கு அதைவிடப் பல மடங்கு. “கர்ப்பத்தைத் தடுக்கும் மாத்திரை அந்தப் பொண்ணுக்கு வேணுமே, சொன்னியா?” என்றும் கேட்டார். அவளையும் நினைத்துப் பார்த்தாரே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

கையெழுத்து வாங்கிய பிறகே ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. பற்றிய 2017-ம் ஆண்டுச் சட்டப்படி சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. அந்தப் பெண்ணின் நிலை தெரியாததால் டாக்டர் பார்த்து பெப் மாத்திரை எழுதினார்: தினமும் ஒன்று, 28 நாள், விடாமல். ஆரம்பத்தில் குமட்டியது, அவ்வளவுதான். 6 வாரத்திலும் 3 மாதத்திலும் மறுபடி டெஸ்ட். அதுவரை ஆணுறை இல்லாமல் உறவு கூடாது, ரத்ததானமும் கூடாது. எதற்கும் காசு வாங்கவில்லை.

குறை என்றால், உட்காரும் பெஞ்சு ஓ.பி. வரிசைக்கு எதிரிலேயே கிடக்கிறது. தெரிந்த முகம் பார்த்துவிடுமோ என்று பாதிப் பேர் திரும்பிப் போவார்கள். அதைக் கட்டாயம் மாற்ற வேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் மையம் பூட்டியிருக்கும். அதற்காகத் திங்கள்வரை காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போய் பெப் வேண்டும் என்று கேளுங்கள். குமுளிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரள அரசு மருத்துவமனைகளில் இதே சேவை ‘ஜோதிஸ்’ என்ற பெயரில் உண்டு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 1097-க்கு அடியுங்கள், கட்டணம் இல்லை.