ஜிப்ஸிக்கு ஆக்ஸில் மாற்றக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: பிரேக் பைப்பில் நடக்கும் தில்லுமுல்லு

பழைய மாருதி ஜிப்ஸிக்கு வைட் டிராக் ஆக்ஸில், அதாவது சக்கரங்களை அகலத் தள்ளி வைக்கிற அச்சு, போடும் யோசனையில் கோவைப் பக்கம் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். ஆஃப்ரோடு வண்டி வேலைக்கென்றே பேர் எடுத்த ஒரு ஒர்க்‌ஷாப், பிரேக் லைன் விஷயத்தில் என்னிடம் காசையும் வாங்கிக்கொண்டு உயிரோடும் விளையாடியிருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயர் போடவில்லை.

1985-ல் வந்த எம்.ஜி.410 ஜிப்ஸி ஒடிசலான வண்டி. 1993-ல் மாருதி இடது, வலது சக்கரங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை முன்னும் பின்னும் 90 மி.மீ. அகலமாக்கி வைட் டிராக் விட்டது. முன்பக்கம் 1300, பின்பக்கம் 1310 மி.மீ. ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம் மாறாததால் அகல ஆக்ஸில் பழைய சேசிஸில் (அடிச்சட்டத்தில்) பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் ஏறிவிடும். பக்கவாட்டுச் சரிவில் வண்டி சாயும் பயம் நன்றாகவே குறையும். கோவை உக்கடத்தில் ஒரு ஜோடி நல்லதாகக் கிடைத்தது, வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் ஆக்ஸில் 90 மி.மீ. நீண்டால் அதன்மேல் ஓடுகிற இரும்பு பிரேக் பைப்பும் அந்த அளவுக்கு நீள வேண்டும். நான் வாங்கியபோது ஆக்ஸிலோடு பைப் வரவில்லை. அதை ஒர்க்‌ஷாப்காரரிடம் முதலிலேயே சொன்னேன். "அதெல்லாம் புதுசா அடிச்சுப் போட்டுருவோம் சார், ரப்பர் ஹோஸும் எல்லாமே புதுசு" என்றார். பிரேக் லைனுக்கு மட்டும் தனியாக 11,500 ரூபாய். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "ஆல்ட்டரேஷன் வண்டிக்கு பில் போட்டா உங்களுக்குத்தான் சார் ஆர்.டி.ஓ.வுல பிரச்சனை" என்று பதில். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைச் சொல்லி வாடிக்கையாளரைப் பயமுறுத்தி வாயடைக்கிற இந்த வித்தை ரொம்பப் பேருக்கு நடந்திருக்கும்.

வண்டி கைக்கு வந்தபோது பெடல் கல் மாதிரி இருந்தது. ஊருக்குள் ஓட்டியதில் ஒரு குறையும் தெரியவில்லை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்தேன். பெடல் பாதிக்கு மேல் இறங்கி நின்றது. பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆயில் சுற்று இருப்பதால் முன் பிரேக் மட்டும் பிடித்தது. முதல் கியரில் உருட்டிக்கொண்டே ஓரம் கட்டினேன். பின் வலது சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க பிரேக் ஆயில்.

கீழேயிருந்து ஆள் வரவழைத்து, வண்டியைக் கட்டி இழுத்து இறக்கினோம். மேட்டுப்பாளையத்தில் ஒரு வயதான மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டரில் இருந்த பைப் நட்டை ஸ்பேனர் இல்லாமல், விரலாலேயே கழற்றி என் கையில் கொடுத்தார். "தம்பி, இது ஜிப்ஸி நட்டே இல்லீங்களே" என்றார்.

அது 3/8 அங்குல நட்டு. அங்குலத்துக்கு 24 மரை. ஜிப்ஸியின் வீல் சிலிண்டரில் இருப்பது எம்10, அதாவது 10 மி.மீ. குறுக்களவு, மரைக்கு மரை ஒரு மி.மீ. 3/8 அங்குலம் என்றால் சுமார் 9.5 மி.மீ.தான், அதாவது ஓட்டையைவிட அரை மி.மீ. ஒல்லி. அதனால் சுலபமாக உள்ளே போகும். மரைக்கு மரை 1.06 மி.மீ. இடைவெளி இருப்பதால் கொஞ்ச தூரம் போனதும் இறுகுகிற மாதிரி பிடிக்கும். முடுக்குகிறவன் கைக்கு டைட் ஆகிவிட்டது என்றே தோன்றும். உண்மையில் மரையின் நுனி மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். சாதாரணமாக மிதிக்கும்போது தாங்கும். அவசரத்தில் மிதித்தால் லைனில் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும். அப்போது உருவிக்கொண்டு வரும். என் சிலிண்டரின் மரை வழித்துப்போய் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதோடு முடியவில்லை. பைப்பின் மேலிருந்த கறுப்புப் பெயிண்ட்டைப் பெரியவர் பிளேடால் சுரண்டினார். உள்ளே சிவப்பாகச் செம்பு! ஏசி வேலைக்கு வருகிற செம்புக் குழாய். என் பழைய குறுகிய ஆக்ஸிலின் இரும்பு பைப்பையே வைத்து, எட்டாத தூரத்துக்கு இந்தச் செம்புத் துண்டை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். நடுவில் இரண்டையும் இணைக்கிற முடிச்சாக ஒரு பித்தளை கம்ப்ரெஷன் யூனியன், தண்ணீர் லைனுக்குப் போடுகிற ரகம். தொடர்ந்து அதிர்கிற இடத்தில் வெறும் செம்பு நாளாக நாளாக விறைத்து வெடிக்கும். கம்ப்ரெஷன் யூனியனை பிரேக் லைனில் வைக்கவே கூடாது. குழாய் முனையில் விரிப்பும் ஒற்றை மடிப்புதான், ஏசிக்காரர்களின் ஃபிளேர் கருவியால் அடித்தது. பிரேக் பைப் முனையை இரட்டையாக மடித்து விரிக்க வேண்டும். ஒற்றை மடிப்பு நட்டின் இறுக்கத்தில் கீறல் விடும்.

'எல்லாமே புதுசு' என்ற ஹோஸ்களின் கதை இன்னும் மோசம். நகத்தால் கீறினால் பெயிண்ட் உரிகிறது, அடியில் ரப்பர் முழுக்க வெடிப்பு. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்தால் முன் ஹோஸ் நீளம் போதாமல் விறைத்து நின்றது. சேசிஸில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டபோது பின் ஹோஸும் அதே கதி.

போனில் கேட்டதற்கு ஒர்க்‌ஷாப்காரர், "காட்டுல ஓட்டி உடைச்சிட்டு எங்க தலையில கட்டாதீங்க" என்றார். நட்டின் போட்டோவை அனுப்பினேன். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

வேலை கொடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பைப்புக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் காட்டச் சொல்லுங்கள். நட்டை வெறும் கையால் கடைசி வரை சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். சரியான மரையென்றால் ஆட்டமில்லாமல், ஸ்பேனர் இல்லாமலேயே அடிவரை போகும். ஜீப்பின் அங்குல நட்டு, மாருதியின் மி.மீ. நட்டு எல்லாம் ஒரே டப்பாவில் கிடக்கிற பட்டறையில் இது ரொம்ப அவசியம். ஹோஸை உங்கள் கண்முன்னால் பாக்கெட்டிலிருந்து பிரிக்கட்டும். பிரேக் லைனிலிருந்து ஏர் எடுத்து முடித்ததும் ஒருவர் பெடலை ஒரு நிமிடம் முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு ஜாயிண்ட்டிலும் வெள்ளைக் காகிதம் ஒற்றிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிற ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள்.

பில்லை விட்டுக்கொடுக்காதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறைதான். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்தால் புகார் பதிந்துகொள்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். என்னிடம் பில் இல்லை. துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ரசீது, கழற்றிய பைப், அந்த நட்டு, போட்டோக்கள் இவ்வளவும் வைத்துத்தான் கொடுத்திருக்கிறேன்.

ஏற்கெனவே எங்கேயாவது ஆக்ஸில் மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பின் ஆக்ஸில் பைப்பில் ஓர் இடம் விடாமல் வைத்துப் பாருங்கள். இரும்பில் ஒட்டும், செம்பில் ஒட்டாது. குப்ரோ நிக்கல் (செம்பு, நிக்கல் கலவை) என்று பிரேக்குக்கே செய்கிற நல்ல பைப்பும் ஒன்று உண்டு, அதிலும் ஒட்டாது. ஆனால் அதைப் போட்டிருந்தால் விலை அதிகம் என்பதால் பட்டறைக்காரரே சொல்லிக் காசு வாங்கியிருப்பார். அப்படி எதுவும் சொல்லாமல், நடுவில் ஒரு பித்தளை முடிச்சும் தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.