கான்ட் ப்ராஜெக்ட்: சீசனுக்கு முன்னால் லைன் ஓடியே ஆக வேண்டியவர்களுக்கு

கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரியில் பராமரிப்பு பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டட வேலையில் கடைசித் தேதியை ஒரு மாதம் தள்ளிப் போடலாம். தோத்தாபுரி மாம்பழம் பழுக்க ஆரம்பித்துவிட்டால் யாரும் எதையும் தள்ளிப் போட முடியாது. பழத்தைக் கூழாக்கும் புது பல்ப்பர், புது ஸ்டீம் லைன், பாய்லர் ரிப்பேர் எல்லாமே சீசன் இல்லாத மாதங்களில் முடிந்து, லாரிகள் வாசலில் நிற்பதற்குள் ட்ரையல் ரன் ஓடியிருக்க வேண்டும்.

இந்த வேலைகளை நாள் வாரியாகத் திட்டமிடத்தான் கான்ட் ப்ராஜெக்ட் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2003இல் ஃபிரான்ஸில் ஒரு பல்கலைக்கழக வேலையாகத் தொடங்கியது, இன்றும் ஓப்பன் சோர்ஸாகவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டுக்குப் பணம் கட்ட எங்கள் மாதிரி நடுத்தர யூனிட்டில் எந்த முதலாளியும் லேசில் சம்மதிக்க மாட்டார். அப்படியே சம்மதித்தாலும் அதில் இருப்பதில் பாதி எங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் ஒரு எச்சரிக்கை. புது ப்ராஜெக்ட் திறந்தால் சனி, ஞாயிறு இரண்டையும் வார விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். ஞாயிறு மட்டும் லீவு என்றால் அப்போதே மாற்றிவிடுங்கள். பொங்கல், ஊர்த் திருவிழா நாட்களையும் அதன் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். இதை விட்டுவிட்டால் பிறகு காட்டும் எந்தத் தேதியையும் நம்ப முடியாது.

அடிப்படை எளிது. வேலைகளை வரிசையாக எழுதுகிறோம். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் என்று போடுகிறோம், அத்தனை நாள் நீளத்துக்கு அது படத்தில் ஒரு பட்டையாகத் தெரியும். எது முடிந்தால் எது தொடங்கும் என்று கோடு இழுத்து இணைக்கிறோம். ஃபவுண்டேஷன் காய்ந்தால்தான் மெஷின் ஏறும், மெஷின் ஏறினால்தான் பைப் அளவு எடுக்க முடியும், வெல்டிங் முடிந்தால்தான் பைப்பில் தண்ணீரை அழுத்தத்தோடு ஏற்றிக் கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட். இணைத்து முடித்ததும் ‘கிரிட்டிக்கல் பாத்’ பட்டனை அழுத்தினால், எந்த வேலைகள் ஒரு நாள் தாமதித்தாலும் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகுமோ அவை மட்டும் தனியாகத் தெரியும். இந்த மென்பொருளில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இந்தக் கிரிட்டிக்கல் பாத் முறை எங்களுடையதைப் போன்ற ஆலை வேலைகளுக்காகவே பிறந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1950களின் கடைசியில் அமெரிக்காவில் டூபான்ட் என்ற ரசாயனக் கம்பெனி, கம்ப்யூட்டர் தயாரித்த ரெமிங்டன் ராண்டுடன் சேர்ந்து இதை உருவாக்கியது. டூபான்ட்டின் லூயிவில் ஆலையில் பராமரிப்புக்காக இயந்திரங்களை நிறுத்தும் ஷட்டவுன் வேலையில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 125 மணி நேரம் பிடித்த ஷட்டவுன் 93 மணி நேரத்துக்குக் குறைந்தது. எல்லா வேலையையும் ஒரேயடியாக அவசரப்படுத்தாமல், எதை அவசரப்படுத்தினால் பலன் உண்டு என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் இதன் பயன்.

எங்கள் விஷயத்தில் படம் காட்டியது என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது. பல்ப்பர், கூழைச் சுண்ட வைக்கும் எவாப்பரேட்டர் என்று பெரிய இயந்திரங்களைச் சுற்றித்தான் தினமும் பேச்சு நடந்தது. கிரிட்டிக்கல் பாத்தில் இருந்ததோ ஸ்டீம் கன்ட்ரோல் வால்வும் பாய்லர் இன்ஸ்பெக்ஷனும். வால்வு சப்ளையர் சொன்ன தேதிக்குத் தரவில்லை. ஆனால் அந்த வரியைத் தினமும் கவனித்துக்கொண்டிருந்ததால், அவர் இழுக்கத் தொடங்கிய வாரமே வேறு இடத்தில் ஆர்டர் போட முடிந்தது.

இந்த மதிப்புரையில் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதுதான். பட்டியலை அலுவலகத்தில் உட்கார்ந்து ஒருவரே எழுதினால் மென்பொருள் அழகான படம் தரும், அதை வைத்து லைன் ஓடாது. வேலை செய்கிறவர்கள் எழுத வேண்டும். உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் விளக்கிய ஒரு வழி இருக்கிறது. வேலை தொடங்குவதற்கு முன்பே அது தோற்றுப்போய்விட்டதாக வைத்துக்கொண்டு காரணம் கேட்பது. டீ நேரத்தில் எல்லோரையும் ஷெட்டில் கூட்டி, “மே மாசம் பாதி போயிடுச்சு, பழம் வந்து நிக்குது, லைன் ஓடல. என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“ஹோலிக்கு வெல்டருங்க ஊருக்குப் போயிட்டாங்கம்மா” என்றார் ஃபிட்டர் அண்ணா, கொஞ்சமும் யோசிக்காமல். எலக்ட்ரீஷியன், கூடுதல் லோடுக்கு ஈபி அனுமதி வரவில்லை என்றார். ஸ்டோர் கீப்பர், பைப் இணைப்பில் வைக்கும் ஃபுட் கிரேட் கேஸ்கெட் அளவு மாறி வந்துவிட்டது என்றார். எதையும் எளிதில் பேசாத பாய்லர் ஆபரேட்டர், “இன்ஸ்பெக்டர் தேதி ஏப்ரல்ல கேட்டா கிடைக்காது மேடம், பிப்ரவரியிலேயே எழுதிப் போடணும்” என்றார். “எப்ப முடியும்?” என்று கேட்டிருந்தால் இவர்கள் எல்லோருமே “முடிச்சிரலாம்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். கேள்வியை மாற்றியதும் உண்மை வந்தது. அந்த ஒவ்வொரு பதிலும் கான்ட் ப்ராஜெக்ட்டில் ஒரு வரியாக ஏறியது. வெல்டர்கள் சொந்த ஊருக்குப் போயிருக்கும் நாட்களையும் அவர்கள் பெயருக்கு எதிரே விடுப்பாகப் பதிந்தேன்.

நாள் கணக்குக்கு நான் ஒற்றை எண் கேட்பதில்லை. எல்லாம் சரியாக நடந்தால் எத்தனை நாள், வழக்கமாக எத்தனை, மோசமானால் எத்தனை என்று மூன்று கேட்பேன். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்தில் 1958 வாக்கில் வந்த கணக்கு இது. வழக்கமான எண்ணை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 6, 8, 16 என்று சொன்னால் விடை 9 நாள். இந்தக் கணக்கை மென்பொருள் செய்து தராது. தாளில் போட்டு விடையை மட்டும் ஏற்ற வேண்டும்.

முன்னேற்றத்தைச் சதவீதத்தில் பதியும் வசதியும் உண்டு. நான் அதைத் தொடுவதில்லை. “தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிடுச்சு” என்பதை வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருக்கலாம். அதற்குப் பதில் மைல்ஸ்டோன் போடுகிறேன். ஹைட்ரோ டெஸ்ட்டில் பிரஷர் நின்றதா இல்லையா? கூடுதல் லோடுக்கான ஈபி அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததா இல்லையா? ஆம், இல்லை, இரண்டே பதில்.

‘பேஸ்லைன்’ வசதியை மறக்காதீர்கள். திட்டம் உறுதியான நாளில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அப்புறம் தேதிகள் நகர நகர, முதலில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். முதலாளியிடம் கூடுதல் ஆள் கேட்கப் போகும்போது இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

குறைகளும் உண்டு. நாளுக்குக் கீழே கணக்கு போகாது. புது லைனை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கும் கமிஷனிங் நாளன்று மணிக்கணக்கில் திட்டமிட வேறு வழிதான் பார்க்க வேண்டும். ஒரே ஃபிட்டரை இரண்டு இடத்தில் போட்டிருந்தால் சுமை கூடியதைக் காட்டும், ஆனால் தானாகச் சரிசெய்து தராது. செல்போனில் திறந்து பார்க்க ஆப் கிடையாது. நான் வாரா வாரம் படத்தை பிடிஎஃப்பாக எடுத்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுகிறேன், ஏ3 தாளில் அச்சடித்து பாய்லர் ரூம் சுவரிலும் ஒட்டுகிறேன். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று நான்கு மொழி புழங்கும் ஷெட் எங்களுடையது. பட்டையின் நீளத்தைப் பார்த்து எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

பத்துப் பதினைந்து வேலைக்குள் முடியும் சின்ன ரிப்பேருக்கு இது தேவையில்லை, ஒரு வெள்ளைப் பலகை போதும். அதற்கு மேல் போனால், அதிலும் வெளி சப்ளையரும் அரசு அனுமதியும் கலந்திருந்தால், தயங்காமல் இறக்கிக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் கோப்பை அழித்துவிடாதீர்கள். மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் காலத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். அதற்கு அவர்கள் சொன்ன மருந்து, முன்பு நடந்த இதே மாதிரி வேலைகள் உண்மையில் எவ்வளவு காலம் எடுத்தன என்று பார்ப்பது. பேஸ்லைனோடு சேமித்த கோப்பில் அந்த விவரம் முழுசாக இருக்கிறது. அடுத்து எங்கள் யூனிட்டில் குளிர்பதன அறை கட்டப் போகிறோம். பைப் வெல்டிங்குக்கும் ஈபி அனுமதிக்கும் நாள் போடும்போது பழைய கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் போடுகிறேன்.