12-7 எங்கே போனது? போஸ்ட்கிரெஸுடன் எட்டு வருஷம்

கம்பத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு சாஃப்ட்வேர் பார்க்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, மைஎஸ்க்யூஎல்லை விட்டுட்டு போஸ்ட்கிரெஸுக்கு வந்துடட்டுமா?" இரண்டும் டேட்டாபேஸ் மென்பொருள்கள். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையின் கணக்கை 2017-லிருந்து போஸ்ட்கிரெஸில் வைத்திருக்கிறேன். இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. யுபிஎஸ்ஸும் கைவிட்டு, பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சர்வர் அணைந்த நாட்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் போஸ்ட்கிரெஸ், மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் டபிள்யூஏஎல் பதிவை ஓட்டிப் பார்த்துத் தானாக எழுந்துகொண்டது. கமிட் ஆன, அதாவது சேமித்து உறுதியான, ஒரு சீட்டுகூடத் தொலைந்ததில்லை. விவசாயிகள் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. தமிழுக்கான ஐசியூ கொலேஷனை (எழுத்துகளை அடுக்கும் விதி) சொல்லி அடுக்கினால் அகர வரிசை ஒழுங்காக வருகிறது. மலையாளத்துக்கும் தனியாக ஒன்று உண்டு. சரி, புகழ்ந்தது போதும்.

2024 ஜூன் 30-உடன் எங்கள் சர்வரில் இருந்த சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸுக்கு ஆதரவு முடிந்தது. புது லினக்ஸ் போட்டு, போஸ்ட்கிரெஸ் 15-இன் டேட்டா டைரக்டரியை அப்படியே நகலெடுத்து வைத்தேன். எல்லாம் ஓடியது. கொலேஷன் வெர்ஷன் பொருந்தவில்லை என்று ஓர் எச்சரிக்கை மட்டும் வந்தது. பாதிக்கப்பட்டவற்றைத் திரும்பக் கட்டு, பிறகு ரிஃப்ரெஷ் கொலேஷன் வெர்ஷன் கட்டளையைக் கொடு என்று அதுவே வழியும் சொன்னது. அவசரத்தில் இரண்டாவதை மட்டும் செய்தேன். எச்சரிக்கை போய்விட்டது. என் கோபம் இங்கேதான். இண்டெக்ஸ் (வேகமாகத் தேடுவதற்கான அடுக்கிய பட்டியல்) ஒன்றையும் தொடாமல் எச்சரிக்கையை மட்டும் அடக்கிவிடும் கட்டளை அது. "திரும்பக் கட்டினாயா?" என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எங்கள் விவசாயி எண்கள் 12-7 மாதிரி கோடு போட்டவை. இவற்றை அடுக்கும் விதியை போஸ்ட்கிரெஸ் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியிடம் கேட்கிறது. ஜிலிப்சி 2.28-இல் அந்த விதி மாறியது. முன்பு 11-க்குப் பின்னால் நின்ற 1-1, இப்போது 11-க்கு முன்னால். இண்டெக்ஸ் பழைய வரிசையில் கிடக்கிறது, தேடுவது புது விதியில். 12-7 என்று தேடினால் யாரும் இல்லை. முழுப் பட்டியலைப் போட்டால் அவர் இருக்கிறார். தேடிப் பார்த்துவிட்டுப் பையன்கள் புதிதாகப் பதிந்தார்கள். ஒரே எண் இரண்டு தடவை வராமல் தடுக்க வேண்டிய யூனிக் இண்டெக்ஸும் ஏற்றுக்கொண்டது. முன்பணம் பழைய பதிவில், காய் எடை புதுப் பதிவில். காய் கொண்டுவந்து போட்ட மனிதரைப் பாக்கிக்காரராக நிற்க வைத்துவிட்டோம். அதை என்னால் மறக்க முடியவில்லை.

இண்டெக்ஸைத் திரும்பக் கட்டும் ரீஇண்டெக்ஸ் கட்டளையைக் கொடுத்தால், இரட்டைப் பதிவு இருக்கிறது என்று நின்றுவிடும். முதலில் அந்த செஷனில் இண்டெக்ஸ் ஸ்கேன், இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் அணைத்து, டேபிளை நேராகப் படிக்கவைத்து இரட்டைகளைத் தேடுங்கள். அவற்றைச் சேர்த்த பிறகுதான் ரீஇண்டெக்ஸ். சந்தேகம் இருந்தால் இண்டெக்ஸ் சரியா என்று சோதிக்கும் பிஜி அம்செக் ஓட்டிப் பார்க்கலாம், போஸ்ட்கிரெஸ் 14-லிருந்து கூடவே வருகிறது. விவசாயி எண் இருக்கும் பத்திக்கு நான் இப்போது 'சி' கொலேஷன் வைத்துவிட்டேன். அது பைட் வரிசை, லினக்ஸ் மாறினாலும் மாறாது. டைரக்டரியை நகலெடுக்காமல், பிஜி டம்ப் மூலம் டேட்டாவை வெளியே எடுத்துத் திரும்ப ஏற்றியிருந்தால் இண்டெக்ஸ் புதிதாகவே கட்டப்பட்டிருக்கும், இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. எங்கள் அளவு டேட்டாவுக்கு அது ஒரு டீ குடிக்கும் நேர வேலை.

நியாயமாகப் பார்த்தால் எச்சரிக்கை வந்தது, நான்தான் பாதி கேட்டேன். 15-க்கு முந்தைய பதிப்பாக இருந்தால் அந்த எச்சரிக்கைகூட வந்திருக்காது. ஆனால் மைஎஸ்க்யூஎல் அடுக்கும் விதியைத் தன்னோடே வைத்திருக்கிறது, லினக்ஸிடம் கேட்பதில்லை. அதனால் நண்பரிடம் சொல்லிவிட்டேன்: "இருக்கிறதிலேயே இரு தம்பி. இந்த சீசன்ல மாறாதே."