கோதிக்கா மாரோவிண்டா: ஒரு மாசம் விட்டுட்டு வந்தா எது கை குடுக்கும்?

பழைய பேண்டஸி ஆர்பிஜி (ஒரு ஆளா மாறி கதைக்குள்ள வளர்ந்து போற கேம்) ஒன்னு விளையாடிப் பாக்கணும், எதுல ஆரம்பிக்கலாம்னு யாராவது கேட்டா சுத்தி சுத்தி ரெண்டு பேரு தான் வரும். ஒன்னு 2001ல ஜெர்மனில பிரானா பைட்ஸ்னு ஒரு சின்ன டீம் பண்ண கோதிக், இன்னொன்னு 2002ல அமெரிக்கால பெதஸ்டா பண்ண மாரோவிண்ட். நான் ரெண்டையும் ஒரே சமயத்துல வாங்கி, ஒரு வாரம் இது ஒரு வாரம் அதுன்னு ஆரம்பிச்சு, வேலைக்கு நடுவுல பல தடவ நிறுத்தி, திரும்ப எடுத்து, கடைசில கோதிக்க மட்டும் தான் முழுசா முடிச்சேன். மாரோவிண்ட்ல ஒரு 40 மணி நேரம் போயிருக்கும், மெயின் கதைல பாதி கூட தாண்டல. அதனால நான் கோதிக் பக்கம் சாஞ்சு தான் பேசுவேன், மாரோவிண்ட் பத்தி சொல்றத அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கோங்க.

கிராபிக்ஸ் பத்தி பெருசா பேச ஒன்னும் இல்ல. ரெண்டுக்கும் 20 வயசுக்கு மேல ஆயிருச்சு, மூஞ்சி எல்லாம் கட்டம் கட்டமா தான் இருக்கும், அரை மணி நேரத்துல கண்ணு பழகிரும். மாரோவிண்ட்ல திரை ஓரத்துல ஒரு சின்ன மேப் இருக்கும், கோதிக்ல அதுவும் கிடையாது, ஆனா ரெண்டுமே போற வழிய அம்புக்குறி போட்டு காட்டாது, ஆளுங்க வாயால வழி சொல்வாங்க, அத கேட்டு நடக்கணும். ரெண்டுலயும் ஹீரோ கைதியா தான் வந்து இறங்குறான். ஒத்துமை இவ்வளவு தான்.

கோதிக் தெரியாதவங்களுக்கு கதைய சுருக்கமா சொல்லிடறேன். ஒரு ராஜாவுக்கு ஓர்க்குங்கற அரக்கக் கூட்டத்தோட போர், ஆயுதம் செய்ய மந்திர தாது வேணும், அதுக்கு கைதிகள சுரங்கத்துல போட்டு வேலை வாங்குறான். யாரும் தப்பிச்சு போகக் கூடாதுன்னு 12 மந்திரவாதிங்க சேர்ந்து ஒரு மாய தடுப்பு போடறாங்க, அது அவங்க கைய மீறி பெருசாகி அவங்களையும் சேர்த்து உள்ள மாட்டிவிட்டுருது. யாரு வேணா உள்ள போகலாம், யாராலயும் வெளிய வர முடியாது. அந்த குழப்பத்துல கைதிங்க காவலாளிங்கள அடிச்சு போட்டு சுரங்கத்த தாங்களே எடுத்துக்கறாங்க, இப்ப ராஜாவே அவங்க கிட்ட சரக்கு குடுத்து தாது வாங்க வேண்டிய நிலைமை. உள்ள மூணு கூட்டம், பழைய முகாம், புது முகாம், சதுப்பு முகாம். நம்மாளு பேரே இல்லாத ஒரு புது கைதி, உள்ள தூக்கி போட்ட உடனே ஒருத்தன் வரவேற்பா மூஞ்சில ஒரு குத்து விடறான், அங்க ஆரம்பிக்குது ஆட்டம்.

விளையாடினவங்க எல்லாரும் சொல்ற குறை ஒன்னு தான், கண்ட்ரோல். அது உண்மை, நான் மறைக்கப் போறது இல்ல. எல்லாமே கீபோர்ட்ல தான், ஒரு சாமான் எடுக்கணும்னா ஒரு பட்டன பிடிச்சுக்கிட்டே இன்னொரு பட்டன அமுக்கணும், பெட்டி திறக்கவும் அப்படித்தான், வாள் வீசவும் அப்படித்தான். கடைல வாங்குறதும் பண்டமாற்று, காசுக்கு பதிலா தாதுக்கட்டி, ரெண்டு பக்கமும் மதிப்ப சமமாக்கிட்டு தான் ஓகே குடுக்கணும், இல்லன்னா மீதி போச்சு. முதல் ரெண்டு மணி நேரம் நிஜமாவே கஷ்டமா இருக்கும், நிறைய பேரு அங்கயே அன்இன்ஸ்டால் பண்ணிடறாங்க. மூணாவது மணி நேரத்துல விரல் தானா போகும், ஆனா அது வரைக்கும் பொறுமை வேணும்.

மாரோவிண்ட்ல அந்த தொல்லை இல்ல, மவுச பிடிச்சு எந்த கேம் விளையாடினவங்களும் உடனே நடந்துருவாங்க. ஆனா அதோட சண்டைல வேற ஒரு வலி இருக்கு. வாள் எதிரி மேல படறது கண்ணுல தெரியும், ஆனா உள்ளுக்குள்ள பகடை உருட்டி படலன்னு முடிவு பண்ணிரும். ஓடி வந்து மூச்சு வாங்கற நிலைல அடிச்சா இன்னும் மோசம், களைப்பு ஏற ஏற குறி தப்பும். இது தெரியாம நான் ஒரு எலி கூட அஞ்சு நிமிஷம் மல்லுக்கட்டினேன். கோதிக்ல வாள் பட்டா பட்டது தான், படலன்னா நீங்க தள்ளி நிக்கறீங்கன்னு அர்த்தம்.

சரி, எனக்கு முடிவ மாத்தின விஷயத்துக்கு வரேன். இந்த மாதிரி கேம்கள யாரும் ஒரே மூச்சுல முடிக்கறது இல்ல, நடுவுல வேலை வரும், உடம்பு முடியாம போகும், வேற ஒரு புது கேம் இழுத்துட்டு போயிரும். மூணு வாரம், ஒரு மாசம் கழிச்சு சேவ் ஃபைல திறக்கறப்போ நான் யாரு, எங்க நிக்கறேன், என்ன பண்ணிட்டு இருந்தேன்னு அந்த கேம் எனக்கு ஞாபகப்படுத்துதா இல்லையா, அத தான் நான் முதல்ல பாப்பேன். பழைய கேம்கள பத்தி பேசறப்போ இத யாரும் பெருசா எடுத்துக்கறது இல்ல, ஆனா பாதில கைவிட்ட கேம்கள்ல முக்கால்வாசி எனக்கு இந்த ஒரு காரணத்தால தான் நின்னு போச்சு.

மாரோவிண்ட்ல ஒரு மாசம் கழிச்சு திரும்பி வந்தேன். பால்மோரா ஊர்ல ஒரு பாலத்து மேல நிக்கறேன். பை நிறைய மூலிகை, காளான், யாரோ குடுத்த ஒரு கடிதம், எதுக்குன்னு தெரியாத மூணு சாவி. சரின்னு ஜர்னல, அதாவது கேம் நமக்காக எழுதி வைக்கற குறிப்பேட்ட திறந்தா தேதி வாரியா பக்கம் பக்கமா போகுது, மந்திரவாதிங்க சங்கத்து வேலையும் குடும்பத் தகராறும் மெயின் கதையும் ஒன்னோட ஒன்னு கலந்து கெடக்கு. 2002 கடைசில வந்த டிரைபியூனல்ங்கற எக்ஸ்பான்ஷன்ல (கேமோட கூடுதல் பாகம்) குவெஸ்ட் வாரியா, அதாவது வேலை வாரியா பிரிச்சு பாக்கற வசதி குடுத்தாங்க, அது இல்லாம நான் தொடவே மாட்டேன், ஆனா அது இருந்தும் அந்த பேருங்க எனக்கு யாருன்னே தெரியல. ஆத்தோரமா வடக்க போயி ரெண்டாவது பாறைல திரும்புன்னு எழுதியிருக்கு, அத சொன்ன ஆள் ஞாபகம் இல்ல, போன காரணமும் ஞாபகம் இல்ல. சேவ மூடிட்டு புதுசா ஆரம்பிச்சேன். ரெண்டாவது தடவயும் அதே தான் நடந்துச்சு.

கோதிக்ல அஞ்சு வாரம் கழிச்சு வந்தேன், இத்தனைக்கும் மூணாவது அத்தியாயத்துக்கு நடுவுல விட்டது. பத்து நிமிஷத்துல எல்லாம் திரும்பி வந்துருச்சு. ஏன்னு யோசிச்சு பாத்தேன், அந்த கேம் ஞாபகத்த ஜர்னல்ல வைக்கல, உலகத்துல வச்சிருக்கு.

முதல் விஷயம் வாள். ஆரம்பத்துல நம்மாளுக்கு வாள் பிடிக்கவே தெரியாது, ஒரு கை வாளையே ரெண்டு கைல பிடிச்சுக்கிட்டு கோடாலி மாதிரி வீசுவான். ஒரு லெவல் ஏறினா 10 கத்துக்கற பாயிண்ட் வரும், அத எடுத்துட்டு போயி ஒரு ஆசான் கிட்ட பாடம் கேக்கணும். அவன் சொல்லிக் குடுத்த உடனே பிடி மாறுது, ஒத்தக் கைல பிடிக்கறான், கால் வைக்கற விதம் மாறுது, வீச்சு வேகமாகுது. அதனால சேவ திறந்து வாள உருவின அந்த நொடிலயே நான் எவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு கண்ணுக்கு தெரிஞ்சுருது, நம்பர் எதையும் பாக்க வேண்டியது இல்ல.

ரெண்டாவது உடுப்பு. எந்த முகாம்ல சேர்ந்தோமோ அவங்க உடுப்பு தான் மேல இருக்கும், அத பாத்து தான் எதிர்ல வர்றவன் பேசறான். முதல் நாள் வெறும் ஆளா வந்தப்போ பாதுகாப்பு காசுன்னு 10 தாதுக்கட்டி கேட்டு மிரட்டின பழைய முகாம் காவலாளி பிளட்வின் இப்ப என்ன தொனில பேசறான்னு கேட்டா போதும், என் நிலைமை எனக்கே தெரிஞ்சுரும்.

மூணாவது தான் பெருசு. கோதிக்ல கொன்ன மிருகம் சும்மா சும்மா திரும்ப முளைக்காது, அடுத்த அத்தியாயம் வந்தா தான் புதுசு வரும். அதனால நான் சுத்தம் பண்ண பாதை சுத்தமா கெடக்கும், நான் பயந்து ஓடி வந்த காடு அப்படியே எனக்காக காத்துட்டு இருக்கும். நடந்து போறப்போ, ஓ இந்த பாலம் வரைக்கும் வந்திருக்கேன், அந்த குகைய தொடலன்னு காலே சொல்லுது. உலகமும் சின்னது, சுரங்கம், கோயில் மாதிரி சில இடங்கள தவிர மத்தது எல்லாம் லோடிங் இல்லாம ஒரே நிலம், மொத முக்கால் பாகம் நடந்தே தான் போகணும். நடந்த வழி மறக்கறது இல்ல, நான் இப்பவும் பழைய முகாம்ல இருந்து சதுப்பு முகாமுக்கு கண்ண மூடிட்டு போவேன்.

ஆளுங்களும் அப்படி. மாரோவிண்ட்ல கடைக்காரர் பகல்லயும் ராத்திரிலயும் அதே இடத்துல நின்னுட்டு இருப்பார். கோதிக்ல பகல்ல கொல்லன் இரும்பு அடிப்பான், சாயங்காலம் நெருப்ப சுத்தி உக்காந்து பேசுவாங்க, ராத்திரி படுத்து தூங்குவாங்க, குடிசைய ரிப்பேர் பண்ணுவாங்க. அடுத்தவன் குடிசைக்குள்ள நுழைஞ்சா வெளிய போன்னு கத்துவான், ஆயுதத்த உருவிட்டு நடந்தா உள்ள வைன்னு எச்சரிப்பான், கேக்கலன்னா அடிச்சு மயக்கம் போட வச்சு பைல இருக்கற தாதுவையும் வாளையும் எடுத்துட்டு போயிருவான், ஆனா கொல்ல மாட்டான். அந்த அவமானம் மறக்கவே மறக்காது! மட்னு ஒருத்தன் பின்னாடியே வந்து பேசிக்கிட்டே இருப்பான், அவன திரும்ப பாத்தப்போ சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

இவ்வளவு சொல்லிட்டு மாரோவிண்டுக்கு அநியாயம் பண்ணக் கூடாது. சுதந்திரம்னா அது தான். மந்திரத்த நீங்களே கலந்து செய்யலாம், ஊருக்கு மேல மிதந்து போகலாம். முதல் ஊர விட்டு வெளிய வந்தா ஒரு மந்திரவாதி வானத்துல இருந்து அலறிக்கிட்டே விழுந்து செத்து போறான், அவன் பைல இருக்கற மந்திர சுருள எடுத்து நீங்களும் அந்த அளவுக்கு தாவிப் பாக்கலாம், இறங்கறது உங்க பொறுப்பு. கதைக்கு தேவையான ஆளையே கொன்னாலும் கேம் தடுக்காது, விதியோட நூல் அறுந்து போச்சு, வேணும்னா பழைய சேவுக்கு போ, இல்லன்னா இந்த கெட்டுப்போன உலகத்துலயே இருன்னு சொல்லிட்டு விட்டுரும். ராட்சச பூச்சி முதுகுல ஏறி ஊருக்கு ஊர் போறது, சாம்பல் புயல்ல ஆளுங்க கைய மூஞ்சிக்கு குறுக்க வச்சுட்டு நடக்கறது, இந்த மாதிரி ஒரு அந்நிய நிலத்த அதுக்கப்புறம் நான் வேற எந்த கேம்லயும் பாக்கல. தினம் ரெண்டு மணி நேரம் விடாம உக்கார முடியற ஆளுக்கு அது தான் பெரிய கேமா இருக்கும்னு நினைக்கறேன், நான் அப்படி உக்காந்தது இல்ல.

கோதிக்கோட ரெண்டாவது பாதி இறங்கிரும், அதையும் சொல்லணும். மொத்தம் 6 அத்தியாயம், முதல் ரெண்டுல இருக்கற நெருக்கம் நாலுக்கு அப்புறம் இல்ல. கதை எல்லாரையும் ஒரே வழில தள்ளிரும், எந்த முகாம்ல சேர்ந்தீங்கன்றது பெருசா கணக்குல வராது, கடைசில ஒரு நீளமான கோயில், சண்டை சண்டை சண்டை. அவசரமா முடிச்ச மாதிரி எனக்கு தோணுச்சு. பெண் கதாபாத்திரம்னு சொல்ல யாருமே இல்ல, இருக்கற ரெண்டு மூணு பேரும் சும்மா நிக்கறாங்க, அது உறுத்துது.

இப்ப இருக்கற கம்ப்யூட்டர்ல ஓட வைக்கறதுல மாரோவிண்ட் சுலபம். ஓபன்எம்டபிள்யூன்னு ரசிகர்கள் எழுதின இலவச எஞ்சின் இருக்கு, ஒரிஜினல் கேம் ஃபைல்ஸ் கையில இருந்தா அதுல ஏத்தி விண்டோஸ், லினக்ஸ், மேக் எதுலயும் ஓட்டலாம். கோதிக்க வாங்கினபடியே ஓட்டினா எனக்கு முதல் நாள் திரையே கறுப்பு, ரசிகர்கள் போட்ட சிஸ்டம்பேக்ங்கற திருத்தத் தொகுப்பும், படத்த புது கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி வரையற டைரக்ட்எக்ஸ் 11 ரெண்டரரும் போட்டதுக்கு அப்புறம் தான் ஒழுங்கா ஓடுச்சு, ஒரு சாயங்காலம் அதுலயே போச்சு. அதுக்கப்புறம் முடிக்கற வரைக்கும் ரெண்டு கிராஷ் தான். நிண்டெண்டோ ஸ்விட்ச்ல 2023ல வந்த கோதிக் பதிப்ப நான் தொடல, அதனால கன்ட்ரோலர்ல அந்த கண்ட்ரோல் எப்படி இருக்குன்னு என்கிட்ட கேக்காதீங்க.

நேரா கோதிக் 2க்கு போகலாமான்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். கண்ட்ரோல் கொஞ்சம் மேல், உலகம் பெருசு, நிறைய பேருக்கு அது தான் உச்சம். நைட் ஆஃப் தி ரேவன் எக்ஸ்பான்ஷனோட சேர்த்து ஆரம்பிச்சேன், ரொம்ப கடுமையா இருக்கு, இன்னும் துறைமுக ஊர தாண்டல, அதனால தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனா முதல் பாகம் முடிச்சுட்டு போனதால பழைய முகத்த பாக்கறப்போ எல்லாம் நெஞ்சு நெகிழுது, முதல் பாகத்துல நண்பனா வந்த டியேகோ மாதிரி ஒருத்தன திரும்ப பாக்கறதுக்காகவே வரிசையா விளையாடலாம்.

கோதிக்ல ஆரம்பிக்கறவங்க முதல்ல ஒன்னு மட்டும் பண்ணுங்க, கைல கிடைச்ச துருப்பிடிச்ச ஆயுதத்த வச்சுக்கிட்டு காட்டுக்குள்ள போகாம பழைய முகாமுக்கு பாதையோடயே போங்க. பறவை மாதிரி ஒன்னு கழுத்த நீட்டி சத்தம் போட்டா அது எச்சரிக்கை, பின்னாடி நகர்ந்தா விட்டுரும். உள்ள போன உடனே கிரஹாம்னு மேப் வரையறவன தேடுங்க. என்னோட மாரோவிண்ட் சேவ் இன்னும் பால்மோரா பாலத்து மேலயே இருக்கு, அத அழிக்க மனசு வரல, நீளமா ஒரு லீவு கிடைச்சா அந்த மூணு சாவியும் எந்த பூட்டுக்குன்னு கண்டுபிடிக்கணும்.