வதந்தி: கத்தாத எஸ்.ஜே. சூர்யா

'மாநாடு' 2021 நவம்பர் 25-ல் வந்தது. அந்தப் படத்துக்குப் பிறகு எஸ்.ஜே. சூர்யா ரசிகர்கள் பாடு கொண்டாட்டம்தான். 'ரிப்பீட்டு' என்று ஸ்டிக்கர், ஸ்டேட்டஸ், கல்யாண வீட்டு பேனர் என எங்கே பார்த்தாலும் அவர் முகம். அடுத்த மே மாதம் 'டான்' வந்தது. கல்லூரிப் பிள்ளைகளை ஆட்டிப்படைக்கும் பூமிநாதனாக அதிலும் தூள் கிளப்பினார். இரண்டுமே உரத்த வேடங்கள். இந்த நேரத்தில்தான் அவர் முதன்முதலாக 'வதந்தி' என்ற ஓடிடி தொடரில் நடிக்கிறார், அதுவும் போலீஸாக, கன்னியாகுமரியில் நடக்கும் ஒரு கொலையை விசாரிக்கும் சப் இன்ஸ்பெக்டராக என்று தெரிய வந்தது.

நான் நாகர்கோவில் வடசேரியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். 'குஷி' வந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அன்று இயக்குநராகப் பிடித்தவரை இன்றுவரை நடிகராகவும் விடவில்லை. எங்கள் ஊர் மண்ணில் எங்கள் ஆள் துப்பறியப் போகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? மாத்திரை வாங்க வருகிறவர்களிடம்கூட இதைத்தான் பேசினோம். எந்தத் தெருவில் ஷூட்டிங் நடந்தது, எந்த ஸ்டேஷனைக் காட்டுகிறார்கள் என்று ஆளுக்கொரு கதை. வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர், லாக்கப்பில் வைத்து அவர் கத்தப்போகும் காட்சியை இப்போதே கற்பனை செய்துகொண்டிருந்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. துப்பறிகிறவன் அடுத்தவர் பேச்சைக் கேட்கிறவனாக இருக்க வேண்டும். ஒரு வரி வசனத்தை ஒன்பது விதமாக ஏற்றி இறக்கிச் சொல்கிற இந்த மனிதர் எட்டுப் பகுதி முழுக்க வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருப்பாரா?

2022 டிசம்பர் 2-ல் 'வதந்தி: தி ஃபேபிள் ஆஃப் வெலோனி' எட்டுப் பகுதியும் ஒன்றாகவே பிரைம் வீடியோவில் வந்தது. அப்போதும் பார்த்தேன், இப்போது மறுபடியும் முழுசாகப் பார்த்தேன். என் தீர்ப்பு இதுதான்: சூர்யாவின் நடிப்பில் நான் மிகவும் மதிப்பது இந்த சப் இன்ஸ்பெக்டர் விவேக் பாத்திரத்தைத்தான். கைதட்டல் வாங்கிய வேடங்களை எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தொடக்கம் அருமை. ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடக்கும் இடத்தில் இளம்பெண் ஒருத்தியின் பிணம் கிடக்கிறது. படத்தின் கதாநாயகிதான் இறந்துவிட்டாள் என்று செய்தி பரவுகிறது. டிவி, ரசிகர் கூட்டம், மேலிடத்து போன் என்று ஊரே அல்லோலகல்லோலப்படுகிறது. பார்த்தால் அந்த நடிகை உயிரோடுதான் இருக்கிறாள். அப்படியானால் செத்தது யார்? வெலோனி என்ற 18 வயதுப் பெண். நடிகை இல்லை என்று தெரிந்ததும் அதுவரை இருந்த பதற்றம் பாதியாகக் குறைந்துபோவதை அழகாகக் காட்டியிருக்கிறார்கள். ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள் என்பது மாறவில்லை. அவள் புகழ்பெற்றவள் இல்லை என்பது மட்டும்தான் புதிதாகத் தெரிந்தது. அதற்கே உலகம் தோளைக் குலுக்கிவிடுகிறது. விவேக் மட்டும் விடவில்லை. எனக்குத் தொடர் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

விவேக் பெரிய அதிகாரி கிடையாது. சப் இன்ஸ்பெக்டர்தான், பதில் சொல்ல வேண்டிய ஆட்கள் தலைக்கு மேலே வரிசையாக இருக்கிறார்கள். வழக்கை ஒரு வழியாக முடித்து ஃபைலை மூடினால் எல்லாருக்கும் நிம்மதி. அவரால் முடியவில்லை. வேலைக்கே ஆபத்து வந்த பிறகும், வீட்டில் மனைவி அஞ்சலியின் பொறுமை தேய்ந்துகொண்டே போகும்போதும் அந்தப் பெண்ணை விட முடியவில்லை. இதை சூர்யா வசனமாகச் சொல்வதில்லை. யாராவது வெலோனியைப் பற்றிப் பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள். முதல் பகுதிகளில் கேள்வி கேட்டுவிட்டு உடனே அடுத்த கேள்விக்குத் தாவுகிறார், கை எதையாவது தேடிக்கொண்டிருக்கிறது. போகப்போக அந்தத் தாவல் நின்றுவிடுகிறது. எதிரில் இருப்பவர் சொல்லி முடித்த பிறகும் ஒரு நொடி காத்திருக்கிறார், இன்னும் ஏதாவது வருமா என்று. அந்த ஒரு நொடிக்காகத்தான் நாங்கள் மாதக்கணக்கில் காத்திருந்தோம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. குழுவில் நான் இதை எழுதியபோது, "அக்கா, ஒரு சீனாவது கத்தியிருக்கலாம்" என்று ஒரு தம்பி வருத்தப்பட்டான். அவனுக்கும் சில இடங்களில் தீனி கிடைக்கிறது. பழைய சூர்யா ஓரிரு தடவை எட்டிப் பார்க்கிறார். அந்த இடங்கள்தான் எனக்குக் கொஞ்சம் துருத்திக்கொண்டு தெரிந்தன.

படைத்து இயக்கியிருப்பவர் ஆண்ட்ரூ லூயிஸ். 2019-ல் 'கொலைகாரன்' எடுத்தவர் என்பதால் துப்பறியும் கதை அவருக்குக் கைவந்த விஷயம். தயாரிப்பு புஷ்கர்–காயத்ரி, 2022 ஜூனில் 'சுழல்' தொடரைக் கொடுத்த தம்பதி. ஆனால் 'சுழல்' மாதிரி அடுத்து என்ன என்று இழுத்துக்கொண்டு ஓடும் தொடர் இது இல்லை. இங்கே ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வெலோனியைச் சொல்கிறார்கள். அம்மா சொல்லும் வெலோனி ஒருத்தி, ஊர் சொல்லும் வெலோனி இன்னொருத்தி, பத்திரிகை எழுதும் வெலோனி வேறொருத்தி. செத்தவள் திரும்பி வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை. எது நிஜம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் விவேக்கின் வேலை, நம் வேலையும் அதுதான். எங்கள் தெருவில் ஒரு பெண் பத்து நாள் கண்ணில் படவில்லை என்றால் அவளைப் பற்றி எத்தனை கதை கிளம்பும் என்று எனக்குத் தெரியும். மருந்துக்கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு இன்னும் நன்றாகவே தெரியும். ஒரு சிறு பெண் என்ன மாத்திரை வாங்கினாள் என்று கேட்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு. அதனால் இந்தக் கதை என்னை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உலுக்கியது.

லைலாவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2006-க்குப் பிறகு சினிமாவை விட்டே போனவர், 2022-ல்தான் 'சர்தார்' படத்திலும் இதிலும் திரும்பி வந்தார். விடுதி நடத்தும் ஆங்கிலோ இந்தியத் தாய் ரூபியாக வருகிறார். என்னோடு சேர்ந்து பார்த்த மைனிக்கு (அண்ணிக்கு) சூர்யாவைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. லைலா வந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்: "பிதாமகன்ல வந்த பிள்ளையாக்கும் இது?" அந்தப் பிள்ளையேதான். அன்றைய துறுதுறுப்பு ஒரு துளி இல்லை. மகளைக் காப்பாற்றுகிறாளா, அடக்குகிறாளா, எதையாவது மறைக்கிறாளா என்று கடைசிவரை நம்மைத் தடுமாற வைக்கும் தாய். மைனி ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ரூபி மேல் உள்ள அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டே வந்தார்கள்.

வெலோனியாக சஞ்சனாவுக்கு இதுதான் அறிமுகம். 2024-ல் 'லப்பர் பந்து' பார்த்துவிட்டு யார் இந்தப் பெண் என்று தேடியவர்கள் இங்கே வந்து பாருங்கள். ஒரே பெண்ணை வேறு வேறு ஆட்களின் கண் வழியாக வேறு வேறு மாதிரி நடிக்க வேண்டும். முதல் வேலையே இவ்வளவு கனமானது. நன்றாகச் செய்திருக்கிறார். ஆனால் இயக்குநரிடம் எனக்கு இங்கே ஒரு சண்டை இருக்கிறது. ஊர் அவளை எப்படிக் கண்ணால் மேய்ந்தது என்று காட்டும்போது கேமராவும் சில இடங்களில் அதையே செய்கிறது. அது கதை சொல்பவன் பார்வை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் விவேக்குக்கு அவள் மேல் இருக்கும் மரியாதை அந்த ஷாட்டுகளில் இல்லை. பாதியைக் கத்தரித்திருந்தாலும் கதைக்கு ஒன்றும் குறைந்திருக்காது.

நாசர் ஓர் எழுத்தாளராக வருகிறார். அவர் வரும் பகுதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. இறந்துபோன பெண்ணை வைத்துக் கதை பண்ண யாருக்கு உரிமை என்ற கேள்வி அங்கே கூர்மையாகிறது. போலீஸ்காரராக வரும் நடிகர் விவேக் பிரசன்னா எப்போதும் போல நம்ம ஊர் ஸ்டேஷனில் பார்த்த ஆள் மாதிரியே இருக்கிறார். ஸ்ம்ருதி வெங்கட் பாவம், அஞ்சலிக்கு இன்னும் நல்ல காட்சிகள் கொடுத்திருக்க வேண்டும். புருஷன் வேலையைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று கலங்கும் மனைவியாகவே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் பேச்சு. இதில் நாங்கள் கொஞ்சம் கறாரான ஆட்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மண். விளவங்கோடு பக்கம் மலையாள வாடை தூக்கலாக இருக்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வந்தால் திருநெல்வேலிச் சாயல். நாலு கிலோமீட்டர் தள்ளினால் இழுவை மாறும். தொடரில் சிலர் அதை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள், சிலர் இரண்டு வாக்கியம் பேசிவிட்டுச் சென்னைக்குப் போய்விடுகிறார்கள். சூர்யா வாசுதேவநல்லூர்க்காரர், தென்பாண்டித் தமிழ் அவருக்குப் புதிது இல்லை. இருந்தும் கோபம் வந்தால் அவருடைய சொந்த நடைதான் வெளியே வருகிறது. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. எங்களுக்கு ஒவ்வொரு தடவையும் காதில் இடித்தது.

நடுவில் ஒரு தொய்வு இருக்கிறது, மறைக்க மாட்டேன். நாலாவது, ஐந்தாவது பகுதிகளில் புதிது புதிதாகச் சந்தேகப்படும் ஆட்கள் வருகிறார்கள், விசாரணை அங்கே போய் முட்டி இங்கே திரும்புகிறது. ஒரு நல்ல எடிட்டர் ஒரு பகுதி அளவுக்கு எடுத்திருப்பார். சைமன் கே. கிங்கின் இசை அமைதியான இடங்களில் உறுத்தாமல் கூடவே வருகிறது; திகில் காட்டும் இடங்களில் கொஞ்சம் அதிகம். முடிவை நான் சொல்லப் போவதில்லை. கொலையாளி யார் என்பதில் எனக்குப் பாதித் திருப்திதான். ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிக் கடைசியில் நமக்குத் தெரியவரும் விஷயத்தில் முழுத் திருப்தி.

எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறவர்களுக்கு. தொடர் வந்த சமயத்தில்தான் பிரைம் வீடியோ மொபைலுக்கு மட்டுமான சந்தாவை வருஷத்துக்கு 599 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. முழு பிரைம் சந்தா 1499. நான் முதலில் மொபைலில்தான் பார்த்தேன். ராத்திரிக் காட்சிகள் நிறைய. போன் திரையில் யார் நிற்கிறார், எங்கே பார்க்கிறார் என்றே பிடிபடவில்லை. டிவியில் பார்த்தபோதுதான் சூர்யாவின் கண்ணில் நடப்பது முழுசாகத் தெரிந்தது. இன்னொன்று, 2025 ஜூன் 17 முதல் இந்தியாவில் பிரைம் வீடியோவில் இடையிடையே விளம்பரம் வருகிறது. அது வேண்டாம் என்றால் மாதம் 129 அல்லது வருஷத்துக்கு 699 ரூபாய் கூடுதலாகக் கட்டவேண்டும் என்று அறிவித்தார்கள். இந்தத் தொடருக்கு அந்தத் தொந்தரவு உண்மையிலேயே பெரிது. ஒரு தாய் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் சோப்பு விளம்பரம் வந்தால், சூர்யா காத்திருக்கும் அந்த ஒரு நொடி போயே போச்சு. முடிந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கூடுதலாகக் கட்டிப் பாருங்கள். தமிழிலேயே பாருங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கின பிறகு.

சூர்யா பிறகு 2024-லும் 2025-லும் போலீஸ் உடுப்பு போட்டார், தெலுங்கில் 'சரிபோதா சனிவாரம்', தமிழில் 'வீர தீர சூரன்'. இரண்டிலும் பார்க்கிறவர்களைப் பதற வைக்கும் போலீஸ். இரண்டையும் ரசித்தேன். இப்போது 'கில்லர்' படத்தில் மறுபடியும் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அதற்கும் ஆவலாகக் காத்திருக்கிறேன். ஆனால் விவேக் மாதிரி ஓர் ஆள் அவருக்கு மறுபடி கிடைக்கவில்லை. 'வதந்தி' இரண்டாவது சீசன் என்று கேள்விப்பட்டதும் எங்கள் குழு துள்ளிக் குதித்தது. கதாநாயகன் சசிகுமார், இது வேறு கதை என்று தெரிந்ததும் பாதிப் பேர் சோர்ந்துபோனார்கள். எனக்கு சசிகுமார் மேல் நம்பிக்கை உண்டு, பார்ப்பேன். இருந்தாலும் புஷ்கர்–காயத்ரிக்கும் ஆண்ட்ரூ லூயிஸுக்கும் ஒரு ரசிகையின் வேண்டுகோள்: மூன்றாவது சீசன் எடுத்தால் விவேக்கைத் திரும்பக் கூட்டிவாருங்கள். இன்னொரு வழக்கைக் கொடுங்கள், ஆறு பகுதி போதும். அஞ்சலிக்கும் இந்தத் தடவை சரியான வேடம் எழுதுங்கள்.