பழைய டயர்ச் சில்லுகள்: கொதிகலன் எரிபொருளாக ஒரு மதிப்பீடு

நிலக்கரியோடு எடையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்து எரிப்பதற்காக வாங்கிய டயர்ச் சில்லுகளை (சிறு துண்டுகளாக வெட்டிய பழைய டயர்) எங்கள் கொதிகலனில் சில வாரங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். சூடு நன்றாகவே கிடைக்கிறது. ஆனால் உள்ளிருக்கும் எஃகுக் கம்பியை எடுக்காத சில்லை வாங்குவது வீண் என்றும், மேற்காற்று (தழலுக்கு மேலே வீசும் காற்று) கொடுக்க வசதியில்லாத அடுப்பில் இதைப் போடவே கூடாது என்றும் உறுதியாகச் சொல்வேன்.

வந்த மூட்டையிலிருந்து ஒரு சில்லைக் கையில் எடுத்துப் பார்த்தாலே டயர் எதனால் ஆனது என்பது பாதி விளங்கிவிடும். இரண்டு அங்குலச் சதுரம். வெட்டிய ஓரத்தில் மெல்லிய எஃகுக் கம்பிகள் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். நைலான் இழைகள் பஞ்சுபோலப் பிரிந்து தொங்கும். கண்ணுக்குத் தெரியாதவை ரப்பருக்குள் கலந்திருக்கின்றன. கார் டயரின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் ரப்பர். அதிலும் இயற்கை ரப்பரைவிடச் செயற்கை ரப்பரே கூடுதல். நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் கரி இருக்கிறது. டயரின் கருமைக்கும் தேயாத உறுதிக்கும் அதுவே காரணம். இவை தவிர எண்ணெய், ஒன்றிரண்டு சதவீதம் கந்தகம், அதே அளவில் துத்தநாக ஆக்ஸைடு ஆகியவையும் உண்டு. லாரி டயரில் இயற்கை ரப்பரும் எஃகும் அதிகம், துணி இழை குறைவு. 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தபடி, கந்தகம் சேர்த்துச் சூடாக்கும்போது ரப்பரின் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்துவிடுகின்றன. அதனால்தான் பழைய டயரை நெகிழியைப் போல உருக்கி மறுபடி வார்க்க முடிவதில்லை. இவ்வளவு டயர் அடுப்புக்கு வந்து சேர்வதற்கும் அதுவே ஒரு காரணம்.

கம்பி நீக்கிய சில்லின் வெப்பத்திறன் கிலோவுக்குச் சுமார் 7,500 கிலோ கலோரி; நல்ல நிலக்கரியே 6,000 தாண்டினால் மகிழ்ச்சி. ஈரமும் மிகக் குறைவு. ஆனால் எங்களுக்குக் கொடுத்த ஆய்வுச் சான்று கம்பியில்லாத மாதிரியை வைத்து எடுக்கப்பட்டது; வந்த சரக்கிலோ கம்பி அப்படியே இருந்தது. எரியாத இரும்பையும் எரிபொருள் கணக்கிலேயே எடை போட்டு வாங்கியிருக்கிறோம் என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

டயர் எரியும் விதம் நிலக்கரியிலிருந்து வேறுபட்டது. எளிதில் பற்றாது. 350 முதல் 500 டிகிரி வரை சூடேறும்போது ரப்பர் சிதைந்து ஆவியாகவும் வாயுவாகவும் வெளியேறுகிறது. எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் இப்படித்தான் போய், எரிபொருள் கிடக்கும் இரும்புத் தட்டியில் எரியாமல் அதற்கு மேலே நீண்ட மஞ்சள் தழலாக எரிகிறது. அந்த மஞ்சள் ஒளி, தழலுக்குள் கனலும் கரித்துகள்களின் ஒளி. அவை எரிந்து தீர்வதற்குள் சூடோ காற்றோ குறைந்தால் அப்படியே கரும்புகையாக வெளியேறும். ஒரு கிலோ டயர் முழுதாக எரியக் கணக்குப்படி சுமார் 12 கிலோ காற்று வேண்டும். முதல் நாள் நிலக்கரிக்கு வைத்திருந்த அளவிலேயே காற்றை விட்டதால், சில்லு விழுந்த சில நிமிடங்களில் புகைபோக்கி கருத்துவிட்டது. தட்டியின் கீழிருந்து வரும் காற்றைச் சற்றுக் குறைத்து, தழலுக்கு மேலே வீசும் விசிறியைக் கூட்டிய பிறகே புகை தெளிந்தது. சில்லை ஒரேயடியாகக் கொட்டாமல், நிலக்கரியோடு நன்றாகக் கலந்து சிறுகச் சிறுக விடுவதும் அவசியம்.

அதற்குப் பிறகு தொல்லை கொடுத்தது கம்பிதான். ரப்பர் எரிந்ததும் மிஞ்சிய கம்பிகள் சாம்பலோடு பின்னிக் கூடுபோல ஆகித் தட்டியின் இடுக்குகளை அடைத்தன. கொக்கியால் இழுத்து எடுப்பதற்குள் பணியாளர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். துத்தநாகம் மிக நுண்ணிய வெண்சாம்பலாகப் போவதால், புகையின் தூசியைத் துணிப்பைகளில் பிடிக்கும் பை வடிகட்டி இல்லாத கொதிகலனுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கந்தகம் சாதாரண நிலக்கரியின் அளவில்தான் இருக்கிறது. சிமென்ட் சூளைக்கு இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை: தழல் 2,000 டிகிரியை நெருங்குவதால் கரி மிஞ்சுவதில்லை, கம்பியின் இரும்பு சூளையில் உருவாகும் சிமென்ட் கட்டியான கிளிங்கருக்குத் தேவையான இரும்பாகவே சேர்ந்துவிடுகிறது, கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்கிறது.

இருப்பு வைப்பதிலும் மிகுந்த கவனம் தேவை. கம்பி துருப்பிடிக்கும்போது வெப்பம் உண்டாவதால், உயரமாகக் குவித்த சில்லு உள்ளுக்குள்ளேயே சூடேறக்கூடும். முழு டயர்க் குவியலில் ஒவ்வொரு டயரின் உட்குழிவிலும் காற்று தங்கியிருப்பதால் நீரடித்தாலும் தீ எளிதில் அணையாது. கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 1990இல் பற்றிய டயர்த் தீ 17 நாட்கள் எரிந்தது; ரப்பர் சிதைந்து வழிந்த எண்ணெய் மண்ணிலும் இறங்கியது. திறந்தவெளியில் எரியும் டயரின் புகையில் பென்சீனும் புற்றுநோய் தரும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் இருக்கின்றன. குளிர் காய்வதற்கோ மின்கேபிளை எரித்துச் செம்புக் கம்பி எடுப்பதற்கோ டயரைக் கொளுத்துகிறவர்கள் அருகில் குழந்தைகளை நிற்கவிடுவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

எங்கள் களத்தில் சில்லை ஆள் உயரத்துக்குக் கீழே, இடையில் வழி விட்டுச் சிறு குவியல்களாகவே வைத்திருக்கிறோம். அடுத்த லோடுக்குக் கம்பி நீக்கிய சரக்கைத்தான் கேட்டிருக்கிறோம். அது வந்ததும் நடுவிலிருந்து ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டி, காந்தத்தை ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றை இறக்கச் சொல்வோம்.