கொழுந்துத் தராசு: சரிசெய்து ஓட்டுவதா, புதிது வாங்குவதா?

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் பக்கம் பச்சைத் தேயிலை கொள்முதல் செய்யும் இடங்களில் அதிகம் புழங்குவது 100 கிலோ எலக்ட்ரானிக் பிளாட்ஃபார்ம் தராசு. சில மழைக்காலம் ஓடியதும் எடை முன்பின் ஆகும். சர்வீஸுக்குக் கொடுத்துக் காசைக் கரைப்பதைவிடப் புதிதே வாங்கிவிடலாம் என்ற பேச்சு உடனே கிளம்பும். அதில் பாதிதான் சரி. கடையிலிருந்து இறங்கும் புதுத் தராசையும் மலையில் வைத்து ஒருமுறை எடைக்கல் போட்டுச் சரிசெய்தே ஆக வேண்டும்.

காரணம் புவியீர்ப்பு. தட்டுக்கு அடியில் எடையை உணரும் உறுப்பான லோட் செல் உணர்வது மூட்டை கீழே அழுத்தும் விசையை. உயரம் ஏற ஏற அது குறையும். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம், ஊட்டி 2,240 மீட்டர். கோவையில் கச்சிதமாக வைத்த தராசு ஊட்டியில் 50 கிலோ மூட்டைக்கு ஏறக்குறைய 20 கிராம் குறைத்துக் காட்டும். பத்துப் பத்து கிராமாகக் காட்டும் தராசுக்கு அந்த எடையில் அரசு முத்திரையின்போது அனுமதிக்கப்படும் பிழையே 15 கிராம்தான். நட்டம் முழுவதும் கொழுந்து போடும் விவசாயிக்கு. பழைய தட்டுத் தராசில் இந்தத் தொல்லை கிடையாது. கல்லும் சரக்கும் ஒரே விகிதத்தில் லேசாகிவிடும்.

ஆகவே தராசைச் சமவெளிக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கும் சேவை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், இங்கே அரைகுறை வேலைதான். கற்களோடு இடத்துக்கே வருபவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அவர் செய்ய வேண்டியது இது. நீர்மட்டக் குமிழியைப் பார்த்துக் கால் திருகுகளைச் சமன் செய்து, தராசை அரைமணி நேரம் ஓடவிட வேண்டும். 20 கிலோ கல் ஐந்தை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றாக இறக்கி, இருமுறையும் எடையைக் குறிக்க வேண்டும். பிறகு 30 கிலோவை நான்கு மூலைகளிலும் மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் கல் வைத்து, பட்டனை அழுத்தி, பில்லை நீட்டிவிட்டுப் போகிறவரை அடுத்த முறை கூப்பிட வேண்டாம். அவசரத்தில் மூட்டை ஓரத்தில்தான் விழும், மூலைப் பிழை அங்கேதான் பிடிபடும்.

பல தராசுகளுக்குச் சரிபார்ப்பே தேவைப்படாது, சுத்தம் செய்தால் போதும். தட்டுக்கு அடியில் லோட் செல்லைக் காக்க நிறுத்துத் திருகுகள் இருக்கும். திருகின் தலைக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளிதான் விட்டிருப்பார்கள். உதிர்ந்த இலையும் சேறும் அதில் இறுகிக் காய்ந்துவிட்டால், பாரம் ஏறும்போது சுமையின் ஒரு பங்கை அந்த அடைப்பே தாங்கிக்கொள்ளும். 20 கிலோ வரை சரியாக இருந்து, 60, 80 கிலோவில் குறைத்துக் காட்டினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். அடைப்பை எடுக்காமல் எடையை மட்டும் திருத்திவிட்டால், அடைப்பு தானாக உதிர்ந்த நாளில் தராசு கூட்டிக் காட்டத் தொடங்கும்.

மழையிலும் மூடுபனியிலும் எண் நிற்காமல் ஏறி இறங்கினால் ஈரம் புகுந்திருக்கிறது. கேபிள் உள்ளே நுழையும் இடத்தையும், கேபிள்கள் இணையும் ஜங்ஷன் பாக்ஸையும் திறந்து பார்க்க வேண்டும். எலி கடித்த கேபிளும் இதே மாதிரிதான் காட்டும். சார்ஜ் இறங்கிய பேட்டரியும் எண்ணை ஆடவிடும், அதை மாற்றுவது சில நூறு ரூபாய் வேலை.

மூட்டையைத் தூக்கி எறிந்து லோட் செல் வளைந்துவிட்டால் கதை வேறு. காலித் தட்டில் பூஜ்ஜியம் வெகுவாக நகர்ந்திருக்கும், கல்லை எடுத்த பிறகும் பழைய இடத்துக்குத் திரும்பாது. இதைத் திருத்தித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுப்பது வீண். டிஸ்ப்ளே பெட்டி நன்றாக இருந்தால் லோட் செல்லை மட்டும் மாற்றலாம். பெட்டியின் போர்டிலும் பச்சை பூத்திருந்தால் புதிது வாங்குவதே லாபம். வாங்கும்போது அலுமினிய லோட் செல்லைத் தவிர்த்து, தூசும் தண்ணீரும் புகாத ஐபி67 தரமுள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். விலை கூடும், ஆனால் இந்த ஈரத்துக்கு அதுதான் தாங்கும்.

முத்திரைக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்படி பழுது பார்ப்பவருக்கு உரிமம் வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை மறுமுத்திரை கட்டாயம். சீலை உடைத்துச் சரிசெய்தால், மறுபடி முத்திரை வாங்காமல் அதில் கொள்முதல் செய்யக் கூடாது. அதனால் சரிபார்ப்பை முத்திரை முடியும் மாதத்தில் வைத்துக்கொண்டால் கட்டணம் ஒரே தடவையோடு போகும்.

பில்லோடு ஒரு தாளும் கேட்டு வாங்குங்கள்: திருத்தும் முன் ஒவ்வொரு கல்லுக்கும் தராசு காட்டியது எவ்வளவு, திருத்திய பின் எவ்வளவு. அடுத்த ஆண்டும் அதே கல்லில் அதே அளவு நகர்ந்திருந்தால், லோட் செல்லுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கலாம்.